எருது எனப்பட்ட மனிதன்

வேலையாள் ஒருவனிடமிருந்து மிகுதியான வேலையைப் பெறுவது எங்ஙனம் என்ற வினா, கூலி கொடுப்போர் என ஒரு கூட்டம் உலகில் தோன்றிய நாள்தொட்டு இருந்து வருவதாகும். இதற்கு முதலாளிமார் நெடுங்காலமாக இரண்டு விடைகளைக் கையில் வைத்திருந்தனர். காசைக் காட்டினால் கூலிக்காரன் ஓடுவான் என்பது ஒன்று. கூலிக்காரன் பிறவியிலேயே மந்த புத்தியுடையவன். ஆதலின் அவனுக்காகச் சிந்திக்கும் பொறுப்பைப் பிறர் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா? தனக்கு வரும் காசைக் கணக்கிட்டு அதற்கேற்ப நடக்கத் தெரிந்தவன் மந்தனாவது எவ்வாறு? இந்தச் சிறு கேள்வியைக் கேளாமலே, இரண்டு விடைகளையும் சேர்த்துப் பிசைந்து ஒரு சாஸ்திரமாக்கி உலகுக்கு வழங்கியவர் அமெரிக்கராகிய பிரடரிக் டெய்லர் என்பார். அச்சாஸ்திரம் எங்கே பிறந்தது, எவர் தோளின்மீது ஏற்றப்பட்டது, பின்வந்த ஆராய்ச்சிகளால் என்னவாயிற்று என்பவற்றை நாம் இங்கே ஆராயப் புகுகின்றோம். கூலிக்கு உழைக்கும் மக்களாகிய நமக்கு இது பிறர் வீட்டுக் கதையன்று.

டெய்லர் 1856-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் செல்வக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். ஹார்வர்டு கல்லூரியின் நுழைவுத் தேர்விலே தேறியும், கண் நோவின் காரணமாக அங்குச் செல்லாது, பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். 1878-இல் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரண வேலையாளாகப் புகுந்து, சில ஆண்டுகளில் மேஸ்திரியாகி, பின்னர்த் தலைமை எஞ்சினியராகவும் உயர்ந்தார். மேஸ்திரியானதும் அவருக்கும் தொழிலாளர்க்கும் போர் மூண்டது. அவர்கள் தம்மால் இயன்ற அளவு முழுவதும் வேலை செய்வதில்லை. தம்முள் ஓர் அளவை வகுத்துக்கொண்டு அதற்கு மேற்செல்ல மறுக்கின்றனர் என்பதை, அவர்களோடு நின்று வேலை செய்தவராதலின் அவர் நன்கறிவார்.

அவர்கள் அங்ஙனம் செய்ததன் காரணத்தையும் அவர் அறிவார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒருவன், மிகுதியாக உழைத்து மிகுதியாகச் சம்பாதிப்பானாகில், முதலாளி உடனே உருப்படியின் விலையைக் குறைத்துவிடுவார். அதன்பின் பழைய கூலியைப் பெறுதற்கே புதிய உழைப்பு வேண்டியதாகும். இதனை அனுபவத்தாற் கண்டவர்கள் ஓட மறுத்தார்கள். இஃது டெய்லர் தாமே தம் நூல்களில் ஒப்புக்கொண்ட உண்மையாகும். நேயர்கள் ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். முதலாளி நாளைக்குச் செய்யப்போவதை இன்றைக்கே கணக்கிட்டு, தானும் தன் தோழரும் அதற்கு இரையாகாதபடி கையை அடக்கிக்கொள்ளும் ஒருவனை என்னென்று சொல்வது? சோம்பேறி என்று சொல்லலாம் எனச் சிலர் கருதக்கூடும். மந்த புத்தியுடையவன் என்று சொல்ல எவராலும் இயலாது.

1895-இல் டெய்லர் எஞ்சினியர்களின் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். வேலைக்குரிய நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளந்து, நாளொன்றுக்கு இவ்வளவு என்று விதித்துவிட வேண்டும். அதை முடிப்பவனுக்கு உயர்ந்த விலையும், முடியாதவனுக்குத் தாழ்ந்த விலையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1898-இல் பென்ஸில்வேனியா மாநிலத்திலுள்ள பெத்லகேம் எஃகுக் கம்பெனி அவரை வரவழைத்தது. அங்கே 1899-இல் நடந்த ஒரு சம்பவமே அவர் பெயரை உலகெங்கும் பரப்பியது.

அச்சம்பவத்தை டெய்லர் 1911-இல் வெளியிட்ட தம் பிரசித்திபெற்ற நூலில் விவரிக்கின்றார். அதன்படி, கம்பெனியின் வெளியிடத்தில் 80,000 டன் இரும்புப் பாளங்கள் குவிந்து கிடந்தன. பாளம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 92 இராத்தல் நிறையுடையது. தொழிலாளி ஒருவன் குனிந்து ஒரு பாளத்தைத் தூக்கி, சாய்ந்த பலகையின்மேல் நடந்து, இரயில் வண்டியிற் போட்டுத் திரும்பவேண்டும். எழுபத்தைந்து பேர் கொண்ட அக்கூட்டத்தில் ஆளொன்றுக்கு நாளில் பன்னிரண்டரை டன் ஏற்றப்பட்டது. கூலி 1 வெள்ளி 15 காசு, அமெரிக்க வெள்ளியில். தக்க ஆளாயின் 47 டன் ஏற்றக்கூடும் என்று டெய்லர் கணக்கிட்டு, ஷ்மிட் என்ற புனைபெயரால் தாம் குறிக்கும் ஒரு தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தார். நீ உயர்ந்த விலையுள்ள ஆளா, தாழ்ந்த விலையுள்ள ஆளா என்று அவனைக் கேட்டு, நாளொன்றுக்கு 1 வெள்ளி 85 காசு என்று ஆசை காட்டி, தூக்கு என்றால் தூக்கவும், உட்கார் என்றால் உட்காரவும், எதிர்வார்த்தை பேசாதிருக்கவும் உடன்படச் செய்தார். ஷ்மிட் முதல் நாளிலேயே நாற்பத்தேழரை டன் ஏற்றி முடித்தானென்றும், அதன்பின் அந்த அளவினின்று தவறவே இல்லையென்றும் அந்நூல் கூறுகிறது.

நாற்பத்தேழரை டன் என்றால் என்ன? 92 இராத்தல் பாளங்கள் 1,156. சூரியன் ஏறி இறங்குவதற்குள் ஒரு மனிதன் அத்தனை முறை குனிந்து நிமிர்ந்து, அத்தனை முறை பலகை ஏறி இறங்குகின்றான். இவ்வேலையைச் செய்பவனைக் குறித்து டெய்லர் எழுதியது யாது? இத்தொழிலுக்கு ஏற்றவன் மூடனாகவும் உணர்ச்சி மழுங்கியவனாகவும், மன அமைப்பில் எருதை ஒத்தவனாகவும் இருத்தல் வேண்டும் என்பதே. அவனோடு முரட்டுத்தனமாகப் பேசியதற்கும் அவர் நியாயம் கற்பிக்கின்றார். படித்த மெக்கானிக்கிடம் அப்படிப் பேசுவது தகாது. மந்தனிடமோ அதுவே அன்பு. ஏனெனில், அவன் கவனம் உழைப்பின் பளுவிற் செல்லாது கூலியின் உயர்விலேயே நிற்கும் என்கிறார்.

எருதைப் பற்றி அதே நூல் தரும் வேறு செய்திகளும் உள. அவன் சிறு நிலம் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தான். விடியுமுன் சிறிது நேரமும், வேலை முடிந்தபின் சிறிது நேரமும், தன் கையாலேயே அந்நிலத்தில் வீட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிடுபவன் என்று பெயர் பெற்றிருந்தான். 1 வெள்ளி 15 காசு நாட்கூலியில் நிலம் வாங்கி, வீடு கட்டி, குடும்பத்தையும் நடத்துகின்ற ஒருவன் எருதாயின், எருதுகளை இனி நாம் சற்று மரியாதையோடு நோக்கவேண்டும்.

டெய்லர் எழுதியது முழுவதும் மெய்தானா என்று பின்வந்தோர் ஆராய்ந்தனர். சார்லஸ் ரெக், அமடியோ பெரோனி என்ற இருவர் கம்பெனியின் பழைய குறிப்புக்களையும், டெய்லரின் உதவியாளர் இருவர் 1899-இல் எழுதிய அறிக்கையையும் தேடியெடுத்து, 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஷ்மிட்டின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். நாட்கணக்கு வகுக்கப்பட்டதும் நூல் கூறும் நுண்ணிய சாஸ்திரத்தினால் அன்று. பலசாலிகளாகிய பத்து ஹங்கேரியரைத் தம்மால் முடிந்த மட்டும் விரைந்து ஏற்றச் சொல்லி, அவ்வேகம் நாள் முழுதும் நீடித்தால் 75 டன் ஆகும் எனப் பெருக்கி, இளைப்பாறுதலுக்கென 40 சதவீதத்தைத் தள்ளி, 45 டன் என்று நிறுத்தினர். அப்பத்துப் பேரையும் புதிய விலைக்கு வேலை செய்யும்படி பணித்தபோது அவர்கள் மறுத்தனர்; மறுத்தவர்கள் வேலையினின்று நீக்கப்பட்டனர். பின்னும் சிலரைச் சேர்த்துப் பார்த்ததில், அவ்வேகத்தை நாள்தோறும் தாங்கியவர் மிகச் சிலரே. அவருள் ஒருவரே நோல். மறுத்தவர் கதை நூலில் இடம்பெறவில்லை. தாங்கியவர் கதை மட்டும் உலகைச் சுற்றி வந்தது.

கூலிக் கணக்கையும் நாம் பார்த்துவிடுவோம். முன்னர்ப் பன்னிரண்டரை டன்னுக்கு 1 வெள்ளி 15 காசு. அதாவது டன் ஒன்றுக்கு 9 காசுக்குச் சற்று மேல். பின்னர் நாற்பத்தேழரை டன்னுக்கு 1 வெள்ளி 85 காசு. அதாவது டன் ஒன்றுக்கு 4 காசுக்கும் குறைவு. வேலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று; கூலியோ 60 சதவீதமே உயர்ந்தது. உருப்படி விலையைக் குறைப்பார்கள் என்று மிட்வேல் தொழிலாளர் அஞ்சினரே, அவ்வச்சம் இங்கே வேறு வேடத்தில் மெய்யாயிற்று. சிக்காகோ நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றிய நாவலாற் பெயர்பெற்ற அப்டன் சிங்க்ளேர் 1911-இல் பத்திரிகை வாயிலாக டெய்லரைக் கேட்டதும் இக்கேள்வியே. மிகுந்து வந்த வேலையின் பயன் யாருக்குப் போயிற்று? பெரும் பலன் பொருளை வாங்கி அனுபவிக்கும் பொதுமக்களுக்கே போகிறது என்பது டெய்லரின் வாதம். பாளம் தூக்கியவனின் முதுகெலும்பு அப்பொதுமக்களில் ஒருவனுடையதாகக் கணக்கிடப்பட்டதாகத் தோன்றவில்லை.

டெய்லருக்கு நாம் அநீதி செய்தல் கூடாது. பெத்லகேமில் அவர் செய்த மற்றொரு காரியம் நம் கவனத்துக்குரியது. அங்கே மண்வாரி கொண்டு வேலை செய்வோர் தத்தம் மண்வாரியை வீட்டிலிருந்து கொண்டுவந்து, எல்லாப் பொருளையும் அதனாலேயே அள்ளினர். பொடி நிலக்கரியை அள்ளினால் ஒரு வாரலுக்கு மூன்றரை இராத்தலே வந்தது. இரும்புக் கனியத்தை அள்ளினால் 38 இராத்தல் வந்தது. முன்னதில் உழைப்பு வீண். பின்னதில் உடல் நோவு. டெய்லர் பலவாறு சோதித்து, ஒரு வாரலுக்கு 21 இராத்தலே தகுந்த அளவு என்று கண்டு, கனமான பொருளுக்குச் சிறிய மண்வாரியும், இலேசான பொருளுக்குப் பெரிய மண்வாரியும் கம்பெனியின் செலவிலேயே செய்து கொடுத்தார். ஆளொன்றுக்கு 16 டன்னாக இருந்த வேலை 59 டன்னாயிற்று என்றும், கூலி 1 வெள்ளி 15 காசினின்று 1 வெள்ளி 88 காசாயிற்று என்றும் அவர் எழுதுகிறார்.

இவ்வேற்றத்துக்குக் காரணம் காசா? காசு மட்டுமே கொடுத்துப் பழைய மண்வாரியையே கையில் விட்டிருந்தால் 59 டன் எங்ஙனம் வரும்? வேலையின் வழியைச் சோதித்தறிந்ததும், அறிந்ததைத் தொழிலாளிக்குக் கற்பித்ததும், தக்க கருவி தந்ததுமே பெருங்காரணங்கள். டெய்லரின் தோழராகிய ஹென்றி காண்ட் இதனை இன்னும் தெளிவாக உணர்ந்தார். 1901-இல் அவர் பெத்லகேமில் வகுத்த முறையில், விதித்த வேலையை முடித்தவனுக்கு நாட்கூலியின் மேல் போனஸ் உண்டு. முடியாதவனுக்கும் நாட்கூலி குறையாது. தன் கீழுள்ளவருள் போனஸ் பெறும் ஒவ்வொருவனுக்காகவும் மேஸ்திரிக்கு ஒரு சிறு தொகை. எல்லோருமே பெற்றுவிட்டாலோ இன்னும் மேலான தொகை. இதனால் விளைந்தது யாது? பின்தங்கியவனைத் திட்டி விரட்டிய மேஸ்திரி, அவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பதிலே தன் இலாபத்தைக் கண்டார். காசு அதே காசுதான். அடிப்பவனை ஆசிரியனாக்கும் இடத்தில் அது வைக்கப்பட்டது.

1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாசசூஸெட்ஸ் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னுமிடத்து அரசாங்க ஆயுதசாலையில், தங்கள் வேலையைக் கடிகாரம் பிடித்து அளந்ததை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் கமிட்டி ஒன்றை நியமித்தது. அதன் தலைவர் வில்லியம் வில்ஸன், இளமையிற் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1912-இல் டெய்லர் அவர்முன் சாட்சி சொன்னார். எல்லாத் தொழிலாளரும் முதல்தரத்தவராக இருக்க முடியுமா, இல்லாதவர் கதி யாது என்று வில்ஸன் துருவிக் கேட்க, டெய்லர் குதிரைகளையும் பாடும் பறவைகளையும் உவமை காட்டினார். நாம் விசாரிப்பது குதிரைகளையும் அன்று, பறவைகளையும் அன்று. சமுதாயத்தின் அங்கமாகிய மனிதரையே. சமுதாயம் அமைந்திருப்பதும் அவர்கள் நன்மைக்காகவே என்ற கருத்துப்பட வில்ஸன் மறுமொழி கூறினார். சுரங்கத்திலிருந்து வந்த அவர் மறு ஆண்டில் அந்நாட்டின் முதல் தொழில் மந்திரியானார். 1915-இல், இராணுவச் செலவுக்கான சட்டத்தில், அரசாங்கத் தொழிற்சாலைகளில் கடிகார அளவையும் போனஸ் முறையையும் தடுக்கும் விதி சேர்க்கப்பட்டது. அத்தகைய தடை 1949 வரை நீடித்தது. டெய்லரோ அந்த 1915-ஆம் ஆண்டிலேயே மறைந்தார்.

மந்த புத்தி என்ற சொல் அவரோடு மறையவில்லை. அஃது அளவுகோல் ஒன்றைக் கையிலேந்திப் புதிதாய் எழுந்தது. பாரிஸ் நகரில் ஆல்பிரட் பீனே என்ற பேரறிஞர் 1905-இல் அறிவுச் சோதனை ஒன்றை அமைத்திருந்தார். பள்ளியிற் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்குத் தனி உதவி செய்தலே அதன் நோக்கம். அறிவு ஒரே நிலையாக நிற்பதன்று, பயிற்சியால் வளரக்கூடியது என்று அவர் வற்புறுத்தினார். அக்கருவியே கடல் கடந்ததும் குணம் மாறிற்று. முதல் உலக யுத்தத்தின்போது, 1917-18-இல், ராபர்ட் யெர்க்ஸ் என்பாரின் தலைமையில் அமெரிக்கப் படைவீரர் ஏறக்குறைய 17 இலட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். எழுத்தறியாதவர்க்குப் படங்களைக் காட்டி, இதில் இல்லாதது எது என்று கேட்டனர். ஒரு படத்தில் டென்னிஸ் மைதானத்துக்கு வலை இல்லை. மற்றொன்றில் கிராமபோனுக்குக் குழல் இல்லை. டென்னிஸையும் கிராமபோனையும் வாழ்நாளிற் கண்டறியாத குடியானவன் விழித்தான். விழித்தவனை அறிவிலி என்று எழுதிக்கொண்டனர்.

அச்சோதனையின் எண்களே சோதித்தவரைக் காட்டிக்கொடுத்தன. அமெரிக்காவிற் குடியேறி ஆண்டுகள் பல கழித்தவர், புதிதாய் வந்தவரைவிட மேலான எண் பெற்றனர். பள்ளியில் அதிக காலம் படித்தவர் மேலான எண் பெற்றனர். பள்ளிகள் சிறந்த இலினாய், நியூயார்க்கு போன்ற வட மாநிலங்களைச் சேர்ந்த நீக்ரோவர், பள்ளிகள் குன்றிய சில தென் மாநில வெள்ளையரைவிட மேலான எண் பெற்றனர். பிறவியை அளந்தோம் என்று பறைசாற்றியவர் உண்மையில் அளந்தது பள்ளிக்கூடத்தையே. ஆயினும் இவ்வெண்களைக் கொண்டு கார்ல் பிரிகம் என்பார் 1923-இல் ஒரு நூலெழுதி, குடியேறும் இனங்களை மேல் கீழ் என வரிசைப்படுத்தினார். 1930-இல் அவரே அம்முடிவு ஆதாரமற்றதெனத் திரும்பப் பெற்றார். அதற்குள் 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பல இனத்தார்க்குக் கதவைக் குறுக்கிவிட்டது. சொன்னவர் சொல்லைத் திரும்பப் பெறலாம். மூடிய கதவு அவ்வளவு எளிதிற் திறப்பதில்லை.

இனி, காசும் அறிவும் ஆகிய இரண்டையும் ஒரே அறையில் வைத்து நோக்கிய சோதனைக்கு வருவோம். சிக்காகோவை அடுத்த ஹாதார்ன் என்னுமிடத்து டெலிபோன் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரையில், பதினான்கு தொழிலாளரைத் தனியறை ஒன்றில் வைத்துக் கவனித்தனர். அவர்களுடைய கூலி கூட்டாகச் செய்து முடித்த வேலையின் அளவைச் சார்ந்திருந்தது. மிகுதியாகச் செய்தால் மிகுதியான கூலி. டெய்லரின் கருத்துப்படி அவர்கள் ஒருவரையொருவர் முந்தி ஓடியிருத்தல் வேண்டும். நடந்ததோ வேறு. நாளொன்றுக்கு இரண்டு கருவித் தொகுதிகள் போதும் என்று அவர்களே ஒரு நியாய அளவை வகுத்துக்கொண்டனர். மீறி ஓடியவனுக்குப் பட்டப்பெயரும், புயத்தில் ஒரு செல்லக் குத்தும் கிடைத்தன. மிகக் குறைத்துச் செய்தவனும் ஏளனத்துக்குத் தப்பவில்லை.

அவர்களுடைய அறிவையும் கைத்திறனையும் ஆராய்ச்சியாளர் சோதனை வைத்து அளந்தனர். அறிவிலே முதலிடம் பெற்றவனும் கைத்திறனிலே மூன்றாமிடம் பெற்றவனும் ஒருவனே. அவனே அறையில் எல்லாரினும் குறைவாக வேலை செய்தவன். எல்லாரினும் மிகுதியாக வேலை செய்தவனோ அறிவுச் சோதனையிற் கடைசியாக நின்றவன். ஒருவன் செய்து காட்டிய வேலையின் அளவைக் கொண்டு அவன் அறிவின் அளவை நிர்ணயிப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. உலகெங்கும் வேலையின்மை தலைவிரித்தாடிய ஆண்டு அது. விரைந்து முடித்தால் விலை குறையும், ஆட்களும் குறைக்கப்படுவர் என்று அவர்கள் அஞ்சினர். மிட்வேலின் பழைய கணக்கு அரை நூற்றாண்டு கழித்து ஹாதார்னிலும் தோன்றியது. இது சோம்பலின் வரலாறன்று, நம்பிக்கையின்மையின் வரலாறாகும்.

பிற்காலத்து ஆராய்ச்சிகள் இன்னும் நுட்பமான உண்மைகளை வெளிப்படுத்தின. 1962-இல் சாம் குளூக்ஸ்பர்க் என்ற மனோதத்துவ அறிஞர், மெழுகுவர்த்தி ஒன்று, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையச் சிற்றாணிகள் ஆகியவற்றைக் கொடுத்து, வர்த்தியைச் சுவரில் நிலைநிறுத்துக என்றார். ஆணிகளைக் கொட்டிவிட்டு, அப்பெட்டியையே சுவரிலடித்துத் தாங்கியாக்கினால் தீர்ந்தது. ஆனால் பெட்டி ஆணி வைப்பதற்கே என்ற நினைவு கண்ணை மறைக்கும். விரைந்து முடிப்பவர்க்குப் பணம் உண்டு என்று சொல்லப்பட்டவர்கள், பணப்பேச்சே கேளாதவரைவிட ஏறக்குறைய மூன்றரை நிமிஷம் பிந்தினர். ஆணிகளை வெளியே எடுத்து வைத்துப் பெட்டியை வெறுமையாய்க் கொடுத்தபோதோ, பணம் காட்டப்பட்டவரே முந்தினர். வழி தெரிந்த இடத்திற் காசு விரைவைத் தந்தது. வழி தேடவேண்டிய இடத்தில் அதுவே கண்ணைக் கட்டியது.

1990-இல் வித்யா அவஸ்தி, ஜேமி பிராட் என்ற இருவர் வேறொரு வகையாற் சோதித்தனர். கணக்கியல் சார்ந்த தீர்மான வினாக்களைச் சிலரிடம் கொடுத்து, ஒரு சாராருக்குச் சரியான விடைக்குப் பணம் என்றனர். பணம் காட்டப்பட்டவர் யாவரும் அதிக நேரம் முயன்றனர். ஆனால், சிக்கலான உருவத்தினுள் மறைந்து கிடக்கும் சிற்றுருவைப் பிரித்தறியும் ஆற்றல் மிக்கவர்க்கே அம்முயற்சி பயன் தந்தது. மற்றவர் நேரத்தைச் செலவிட்டனர், விடை மேம்படவில்லை. இவற்றினின்று நாம் பெறும் முடிவு சுருக்கமானது. காசு முயற்சியை வாங்கும், வழியை வாங்காது. வழி தெரியாதவனுக்குக் காசை மட்டும் காட்டுவது, நீச்சலறியாதவனைப் பரிசு கூறி ஆற்றில் இறக்குவதை ஒக்கும்.

மனிதருள் ஆற்றல் வேற்றுமை இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலும் அது உண்டு. ஒருவன் செய்யும் தொழிலையும், அவன் பெறும் கூலியையும், அவன் பிறந்த குலத்தையும் பார்த்து, இவன் அறிவு இவ்வளவே என்று தீர்ப்புக் கூறுவதையே நாம் மறுக்கின்றோம். நம் நாட்டிலே அத்தீர்ப்பை வருணத்தின் பெயரால் கூறினர். பெத்லகேமிலே சாஸ்திரத்தின் பெயரால் கூறினர். பெயர் வேறேயன்றிச் சரக்கு ஒன்றே.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு இது புதிய பாடமன்று. பாலூறும் குழல்கள் மரப்பட்டையின் உட்புறத்தே மிகுதியாக உள்ளன. அவற்றுக்கும் உட்புறமாய், பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, மெல்லிய உயிர்ப்படலம் ஒன்றுண்டு. அப்படலம் காயப்பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். ஆகவே உளி ஆழப் போகாவிடிற் பால் குறையும். அதிகம் ஆழ்ந்தால் மரம் கெடும். இருளகலா வேளையில், நூற்றுக்கணக்கான மரங்களில், அந்த நூலளவு வேற்றுமையைக் கையுணர்ச்சியாலேயே அறிந்து சீவுதல் எருது செய்யும் வேலையா? பாலின் நிறைக்கு மட்டுமே காசு கொடுத்து, பட்டையைக் காக்கும் திறனுக்கு மதிப்பில்லையானால், ஆழச் சீவும் ஆசையைத் தூண்டியவர் யார்? பின்னர் மரம் கெட்டது என்று ஏசப்படுபவர் யார்? எதை அளந்து காசு கொடுக்கின்றோமோ அதுவே பெருகும், அளவாதது தேயும்.

1923-ஆம் ஆண்டின் தொழிற் சட்டம், ஐக்கிய மலாய் மாநிலங்களில், ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டங்களிற் பள்ளி வைக்கவேண்டுமென விதித்தது. விதி ஏட்டில் நன்று. பல இடங்களிலோ பள்ளி என்பது கொட்டகையாகவும், ஆசிரியர் என்பவர் ஓய்வு நேரத்துக் கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்தனர். அத்தகைய பள்ளியைத் தந்துவிட்டு, இப்பிள்ளைகள் உளி பிடிக்கவே பிறந்தவர்கள் என்று கூறுவது, டென்னிஸ் காணாதவனுக்கு வலையில்லாப் படத்தைக் காட்டியவரின் நியாயமே ஆகும்.

ஆதலின் உழைக்கும் மக்கள் கேட்கவேண்டியவை இரண்டு. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடுதல் கூடாது. உழைப்புக்கேற்ற கூலி, நாளைக்குக் குறைக்கப்படாது என்ற உறுதியோடு வேண்டும். தொழிலின் வழியை அறியும் கல்வி, பெயரளவிலன்றி மெய்யாகவே வேண்டும். கூலியை மட்டும் கேட்போமாயின், இன்னும் சில பாளங்களைத் தூக்கச் சொல்லி அதைத் தருவார்கள். கல்வியை மட்டும் கேட்போமாயின், வயிறு காய்ந்த பிள்ளை புத்தகத்தின்மேல் உறங்கும். ஹென்றி நோல் பகல் முழுதும் பிறருடைய இரும்பைச் சுமந்தார். மாலையில் தமக்கென ஒரு சுவரை எழுப்பினார். அவர் தூக்கிய பாளங்களை எண்ணிக் கணக்கு வைத்தவர்கள் உண்டு. அச்சுவரின் கற்களை எண்ணியவர் எவருமில்லை. அவர் அறிவு எங்கேயிருந்தது என்று கேட்பார்க்கு நாம் அச்சுவரையே காட்டுவோம்.